கோட்டுப் பையின் மேல் ஒரு மைப்பொட்டு

ஆரம்பாக்கம்
11.6.1972

என் கண்ணு ராஜவேலுவுக்கு உன் ஆயா தாயாரம்மாள் எழுதுவது. இங்கே உன் பெரியப்பா குடும்பமும் நானும் வேளாவேளைக்குச் சோறு தின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாயில் நீ மூன்று வேளையும் தின்கிறாயா, காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்று உடனே எழுது.

நம் வீட்டுப் பிள்ளைகள் சங்கதி சொல்கிறேன், கேள். உன் பெரியப்பாவின் மூத்தவன் தேசப்பனுக்குத் திருவள்ளூர் தாலுக்கா ஆபீசில் பியூன் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. டவாலி போட்டுக்கொண்டு தாசில்தாருடைய ஜீப்பிலேயே ஒருநாள் போனானாம். சின்னவன் சேகர் ஏழாம் வகுப்பு பாஸ், கணக்கில் எண்பத்திரண்டு. நடுவில் பிறந்தவள் மணியம்மாள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நம் தெருவில் அந்தப் பரீட்சை எழுதின முதல் பொண்ணு அவள்தான். நாலு தலைமுறையாகச் சேற்றில் நாற்று நட்ட குடும்பம், இதெல்லாம் யார் நினைத்தது? எல்லாருக்கும் மேலே நீ. அப்பா அம்மா இல்லாத பிள்ளை, என் மடியில் வளர்ந்த பேரன், பம்பாய் ரேடியோ கம்பெனியில் இஞ்சினீர். நீ போன ஆயுத பூஜைக்கு எடுத்து அனுப்பின போட்டோவை, வெள்ளைக் கோட்டு போட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாயே, அதைக் கும்மிடிப்பூண்டி ஸ்டூடியோவில் பெரிசாக்கக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாலமோன் சாயங்காலத்தில் ஆறு பேருக்கு ரேடியோ வேலை கற்றுக்கொடுக்கிறார். அவர் பொண்ணு கிரேஸும் படிப்பதால் நம் மணியையும் சேர்த்துவிட்டேன். அம்பத்தூரில் ஒரு ரேடியோ கம்பெனி தை மாதம் பரீட்சை வைத்துப் பெண்களை எடுக்கப் போகிறதாம். அதில் மணி தேறினால் அவளுக்கு ஒரு வழி. தேறாவிட்டால் உன் பெரியப்பா வைகாசிக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார். கரெண்டு அளக்கிற மீட்டர் ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்துப் பழக வேண்டுமாம். எதை வாங்குவது என்று கேட்டால் கடைக்குக் கடை ஒரு பேச்சு. ஒருத்தன் கண்ணாடி முகம் வைத்த ஒரு பெட்டியைக் காட்டி, "இதுல அலை ஓடும் பாரு" என்கிறான்.

நமக்கு எதற்கு அவனெல்லாம்? நீ இருக்கிறாய். புதிதாகப் படிக்கிற பொண்ணுக்கு முதலில் என்ன வாங்க வேண்டும், ஒரு வரி எழுது.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்,
ஆயா


பம்பாய்
24.6.1972

அன்புள்ள ஆயாவுக்கு ராஜவேலு வணக்கம். கடிதம் கிடைத்தது. உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கண்ணுக்கு மருந்து விடுகிறாயா? இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. எனக்குக் குறை ஒன்றுமில்லை.

மணி பாஸ் செய்தது மிகவும் சந்தோஷம். மீட்டர் விஷயம், நல்லதாகப் பார்த்துப் பெரிய மீட்டராக வாங்கவும். முகம் அகலமாக, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். சின்னதெல்லாம் விளையாட்டுச் சாமான். எங்கள் கம்பெனியில் சுவரில் எல்லாம் பெரிய பெரிய மீட்டர்தான் இருக்கிறது.

வேலை அதிகம். மற்றவை பிறகு. பெரியப்பா, பெரியம்மா எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

ராஜவேலு


ஆரம்பாக்கம்
30.7.1972

என் ராசா ராஜவேலுவுக்கு, ஆயாவின் ஆசீர்வாதம். முழங்கால் வலி இருக்கிறது, அதுபாட்டுக்கு இருக்கட்டும். நீ மழையில் நனையாதே. நனைந்தால் தலையைத் துவட்டு.

நீ எழுதினபடியே போய் வாங்கினோம். கடைக்காரன் உள்ளே போய் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் சோற்றுத் தட்டு அகலம். "பெரிய மூஞ்சியா வோணும்னு கேட்டியே ஆயா, இத்த வுட பெரிசு ஆந்திராவுலகூட கெடிக்காது" என்றான். வாங்கி, மணியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சாலமோன் கடைக்குக் கொண்டுபோனோம்.

சாலமோன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இன்னா ஆயா இது? ரைஸ் மில்லு சொவத்துல மாட்டி வெக்கிறத தூக்கிகினு வந்துகீறீங்க! இது கரெண்டு எத்தினி வோல்ட்டுனு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும். இத்த வெச்சிகினு ரேடியோவ எப்புடி பாக்குறது?" என்றார். கூடப் படிக்கிற பையன்கள் சிரித்தார்கள். ரயிலில் வரும்போது மணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். சரி என்று வீட்டுச் சுவரிலேயே மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அதை எட்டிப் பார்த்து, "இன்னா மணி ஆவுது?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஊரில் என்ன கிடைக்கும் என்று அங்கிருந்து உனக்கு எப்படித் தெரியும்?

உன் போட்டோ பெரிசாகி வந்துவிட்டது. கிரேஸும் நானும் போய் வாங்கி வந்தோம். ஒரு முறம் அகலம் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கண்ணு படாமல் இருக்கக் கண்ணாடி மேல் மையால் ஒரு பொட்டும் வைத்துவிட்டேன். கன்னத்தில் வைத்தால் உன் முகம் கெட்டுப்போகும் என்று கோட்டுப் பையின் மேல் வைத்தேன்.

இனிமேல் வாங்குவது சரியாக இருக்க வேண்டும். எனக்கு இது மூன்றும் தெரிய வேண்டும். முதலில் வாங்க வேண்டிய மீட்டர் எது? அதில் நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த அலை ஓடுகிற பெட்டி இப்போதே வேண்டுமா? அவசரமில்லை, தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன்னோடு வேலை செய்கிறவர்களில் நாலு பேரைக் கேட்டுக்கூட எழுது. கேட்டு எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

உன் ஆயா


பம்பாய்
20.8.1972

அன்புத் தங்கை மணிக்கு, அண்ணன் ராஜவேலு. நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதிவிட்டுத் தொடங்கலாம் என்று பார்த்தேன். என்னால் நீ பட்ட அவமானத்துக்குப் பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. இதை கிரேஸ் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

மணி, நான் இஞ்சினீர் இல்லை. ரேடியோ கம்பெனியில்தான் இருக்கிறேன், அது நிஜம். ஆனால் கேன்டீனில். காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் டீத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போகிறவன். வந்த புதிதில் "ரேடியோ கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்" என்று எழுதினேன். அடுத்த கடிதத்திலேயே ஆயா, "எங்கள் இஞ்சினீர் ராஜவேலுவுக்கு" என்று எழுதிவிட்டாள். இல்லை என்று எழுத நாலு தடவை இன்லண்ட் வாங்கினேன். நாலிலும் வேறு ஏதோ எழுதி அனுப்பினேன். அந்தப் போட்டோவில் இருக்கிற கோட்டு டெஸ்டிங் மேசையில் வேலை செய்யும் குல்கர்னியுடையது. என் வயசுதான் அவனுக்கும். ஆயுத பூஜை அன்று போட்டோக்காரன் வந்தபோது அவனே கழற்றிக் கொடுத்து, "உட்கார், உட்கார்" என்றான்.

டீ கொடுக்கப் போகும்போது சுவரில் பார்த்ததைத்தான் உனக்கு வாங்கச் சொன்னேன்.

ஆயாவிடம் சொல்லாதே. சொன்னால் அந்தப் படத்தை அவள் என்ன செய்வாள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் தடவை தெரிந்துகொண்டு சொல்வேன்.

உன் அண்ணன்


கும்மிடிப்பூண்டி
3.9.1972

அண்ணாவுக்கு மணி. கிரேஸ் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் சௌக்கியம், நான் மட்டும் கோபமாக இருக்கிறேன்.

பையன்கள் இன்னும் என்னை "ரைஸ் மில்லு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு நீ பொறுப்பு. டீ கொடுக்கிறாய் என்பதற்காகக் கோபம் இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நானே வேறு யாரையாவது கேட்டிருப்பேன் இல்லையா?

ஆயாவிடம் சொல்லமாட்டேன். உனக்காக இல்லை, அவளுக்காக. வெள்ளிக்கிழமை தவறாமல் உன் படத்தைத் துடைத்து அந்த மைப்பொட்டைப் புதிதாக வைக்கிறாள். எங்களில் ஒருத்தரையும் தொட விடுவதில்லை. ஒரு நாள் சேகர் துணியை எடுத்தான். "கைய வெச்சே, தோல உரிச்சிடுவேன்" என்றாள்.

பரீட்சை தை ஐந்தாம் தேதி வாக்கில் இருக்கும் என்கிறார் சாலமோன் சார். அவருடைய மீட்டரை ஆறு பேர் மாற்றி மாற்றித் தொடுகிறோம். என் முறை வருவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. சீக்கிரம் எழுது. குல்கர்னி அண்ணனுக்கு என் வணக்கம் சொல். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?

மணி


பம்பாய்
8.10.1972

அன்புள்ள ஆயாவுக்கு ராஜவேலு வணக்கம். இரண்டு மாதம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் மூன்று கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் வாங்க வேண்டியது மல்டிமீட்டர். ஒரே பெட்டி, நடுவில் ஒரு திருகு. திருப்பினால் வோல்ட் அளக்கும், மின்னோட்டம் அளக்கும், மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும். கையில் பிடிக்கிற அளவுதான் இருக்கும். ரேடியோவில் முக்கால்வாசிக் கோளாறை இது ஒன்றே சொல்லிவிடும். அதோடு இருபத்தைந்து வாட் ஈயம் பற்றவைக்கும் கோல் ஒன்று, லைட் எரிகிற டெஸ்டர் திருப்புளி ஒன்று. அலை ஓடும் பெட்டி, அதன் பேர் ஆசிலாஸ்கோப், இப்போது வேண்டாம். அதைப் படிக்கத் தெரிவதற்கே இரண்டு வருஷம் ஆகும்.

நல்லதா என்று பார்க்க முகத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்கச் சொல். ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் ஓம் என்றும் இருக்கும், இருபதாயிரம் ஓம் என்றும் இருக்கும். இருபதாயிரம்தான் வேண்டும். காரணம் சொல்கிறேன். அளக்கப் போகிற மீட்டரும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். ஆயிரம் ஓம் மீட்டர் அதிகமாகக் குடித்துவிடும். குடித்தபின் மிச்சம் இருப்பதைத்தான் அது காட்டும். ரேடியோ நன்றாகவே இருக்கும், மீட்டர் கெட்டது என்று சொல்லும். இரண்டாவது, முள்ளுக்குக் கீழே கண்ணாடிப் பட்டை இருக்க வேண்டும். முள்ளும் கண்ணாடியில் தெரியும் முள்ளும் ஒன்றாகச் சேரும்படி நேர் மேலே இருந்து பார்த்தால்தான் கணக்குச் சரி. பக்கவாட்டில் பார்த்தால் தப்பு.

வாங்கியதும் மூன்று பழக்கம். எவ்வளவு என்று தெரியாததை அளக்கும்போது பெரிய அளவில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். ரேடியோவில் கரெண்ட் இருக்கும்போது ஓம் அளக்கவே கூடாது, முள் போய்விடும். ஓம் அளக்கும் முன் ஒவ்வொரு தடவையும் இரண்டு கம்பி முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்து, ஓரத்துத் திருகால் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் இங்கே குல்கர்னி என்று ஒரு சிநேகிதன் விளக்கிச் சொன்னான். நானும் கையால் செய்து பார்த்தபின் எழுதுகிறேன்.

ராஜவேலு


ஆரம்பாக்கம்
29.10.1972

என் தங்கம் ராஜவேலுவுக்கு ஆயா. கடிதத்தைப் படித்து முடித்ததும் பசியே தெரியவில்லை எனக்கு. இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஆடு மாடு மனுஷர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். யாருக்கும் நோவு இல்லை.

நீ எழுதின மீட்டர் சங்கதி எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? நான் கல்யாணமாகி வந்த புதிதில் பண்ணைக் களத்தில் கூலி நெல் அளப்பார்கள். எட்டுப் படி கொள்ள வேண்டிய மரக்காலுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து அடித்திருந்தான் கணக்கன். நான் ஐந்தாவது படித்தவள் இல்லையா, வீட்டுக்கு வந்து படியால் அளந்தேன். ஏழோடு நின்றது. மறுநாள் களத்தில் எல்லார் எதிரிலும் படியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஆக, அளக்கிற சாமானை முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்று நீ சொல்கிறாய். சரிதானே? உப்புப் பார்க்கிறேன் என்று பாதிக் குழம்பைக் குடிக்கிறவளை அடுப்பங்கரையில் விடக்கூடாது, அதுவும் சரிதானே?

மெட்ராசுக்கே போய் வாங்கினோம். கடைக்காரன் முதலில் ஒன்றை எடுத்து வைத்தான். மணி மூலையைப் பார்த்துவிட்டு, "இது ஆயிரம், இருபதாயிரம் குடுங்க" என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரேடியோ மெக்கானிக்கா நீ?" என்றான். "இல்ல, அவ அண்ணன் பம்பாயில ரேடியோ கம்பெனியில கீறான்" என்றேன் நான். சாலமோன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட கீறத வுட நல்லா கீதே" என்றார்.

தினம் மத்தியானம் தெருப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு கம்பியையும் தொட வைத்து முள் துள்ளுவதைக் காட்டுகிறேன். கோவிந்தம்மா பிள்ளைகள் "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று விடுவதே இல்லை.

எனக்கு அடுத்த கேள்வி. மீட்டருக்கு உள்ளே பேட்டரி இருக்கிறதாமே, அது எதற்கு? வோல்ட் அளக்க அது வேண்டாம், ஓம் அளக்க மட்டும் வேண்டும் என்கிறாள் மணி. ஏன்? கேட்டு எழுது. உன் சிநேகிதன் குல்கர்னியை நான் விசாரித்ததாகச் சொல்லு. நல்ல பிள்ளை.

உன் ஆயா


ஆரம்பாக்கம்
10.12.1972

ராஜவேலுவுக்கு ஆயா. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் சொல்ல மனசில்லை.

மணியின் மீட்டர் போய்விட்டது. இரண்டு கம்பியையும் தொட வைத்தால் முள் பூஜ்யத்துக்கு வரமாட்டேன் என்கிறது. திருகைக் கடைசி வரை திருகினாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடுகிறது. சாலமோன் பார்த்துவிட்டு, "உள்ள முள்ள ஆட்டுற கம்பிச் சுருளு, காயில், பூட்ச்சி போலகீது, வேற வாங்கிக்கோமா" என்றார். பரீட்சைக்கு ஒரு மாதம் சொச்சம்தான் இருக்கிறது. இவள் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். உன் பெரியப்பாவும், "போதும், வுட்டுடு" என்று ஆரம்பித்துவிட்டார்.

தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிறது, ரயில் நினைத்தால் வருகிறது. தபால்காரர் சுப்பராயன் இந்தக் கடிதத்தைத் தானே எடுத்துப் போவதாகச் சொல்லி வாசலில் நிற்கிறார். யாரையாவது கேட்பாயோ, நீயே யோசிப்பாயோ, உடனே எழுது.

ஆயா


பம்பாய்
15.12.1972

அன்புள்ள ஆயா, கடிதம் கையில் கிடைத்த அரைமணியில் எழுதுகிறேன். குல்கர்னி லீவில் ஊருக்குப் போயிருக்கிறான். அதனால் இது நான் மட்டும் யோசித்தது.

மணியை வோல்ட்டில் வைத்து ஒரு புது டார்ச் செல்லை அளக்கச் சொல். ஒன்றரை வோல்ட் காட்டினால் முள்ளும் காயிலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காயில் போயிருந்தால் வோல்ட்டும் காட்டாது. அப்படியானால் தீர்ந்துபோனது உள்ளே இருக்கும் பேட்டரி மட்டும்தான். நீ கேட்டாயே, அது எதற்கு என்று. வோல்ட் அளக்கும்போது ரேடியோவே மின்சாரம் கொடுக்கிறது. ஓம் அளக்கும்போது ரேடியோவில் கரெண்ட் கிடையாது. அதனால் மீட்டர்தான் தன் பேட்டரியிலிருந்து கொடுக்க வேண்டும்.

பின்பக்கம் இரண்டு திருகாணியைக் கழற்றிப் புது பேட்டரி போடவும்.

அது இவ்வளவு சீக்கிரம் ஏன் தீர்ந்தது என்றும் எனக்குத் தெரியும் ஆயா. கம்பி இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் பேட்டரி செலவாகும். நீ தினம் மத்தியானம் தெருவுக்கெல்லாம் முள்ளைத் துள்ள வைத்துக் காட்டினாயே, அந்தக் கோவிந்தம்மா பிள்ளைகளைக் கொஞ்ச நாளைக்கு ரைஸ் மில் மீட்டரைப் பார்க்கச் சொல்.

அழாமல் சாப்பிடச் சொல் அவளை. நீயும் சாப்பிடு.

ராஜவேலு


ஆரம்பாக்கம்
4.2.1973

என் கண்ணு ராஜவேலுவுக்கு ஆயா. இங்கே எல்லாரும் கால் தரையில் படாமல் நடக்கிறோம். மணியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்!

நீ எழுதினபடி பேட்டரி போட்டதும் முள் ஓடிப் பூஜ்யத்தில் நின்றது. சாலமோன் உன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "எனக்குத்தான் இது தோணல" என்று ஒப்புக்கொண்டார். தப்பு செய்தது நான்தான் என்று உன் பெரியப்பா எதிரிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு "வுட்டுடு" என்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

அம்பத்தூருக்கு நான்தான் கூடப் போனேன். முப்பது பெண்கள். எல்லாருக்கும் ஒரு பாடாத ரேடியோவும் ஒரு மீட்டரும் வைத்திருந்தார்களாம். நான் கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மணி வந்து சொன்னதை எழுதுகிறேன். அவளுக்கு வைத்திருந்த மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வரவில்லையாம். பக்கத்து மேசைகளில் எல்லாம் குனிந்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவள் கம்பி முனைகளை இன்னொரு தடவை தொட வைத்துப் பார்த்தாளாம். அப்புறம் எழுந்து, "சார், இந்த மீட்டர்ல பேட்டரி தீந்துபோச்சு. இத வெச்சு ஓம் அளந்தா தப்பா காட்டும்" என்றாளாம். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றாராம். "எங்க அண்ணன், கடுதாசியில" என்றாளாம் இவள். தெரிந்தே வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ, முப்பது பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். கிரேஸும் தேறிவிட்டாள். மாசிக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள்.

எல்லார் சங்கதியும் எழுதிவிட்டேன். நீ உன் சங்கதி எழுது. பம்பாய் மழையும் என் முழங்காலும் போதும். நீ காலையில் எழுந்து என்ன செய்கிறாய், மத்தியானம் என்ன செய்கிறாய், அதை எழுது.

உன் ஆயா


பம்பாய்
25.2.1973

அன்புள்ள ஆயாவுக்கு ராஜவேலு வணக்கம். மணி தேறியதைக் கேட்டு இங்கே நான் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கம்பெனி கேன்டீனில் பால் காய்ச்சுகிறேன். பத்து மணிக்கு இருநூறு பேருக்கு டீ கொண்டுபோகிறேன். மூன்று வருஷமாக அதுதான் என் வேலை ஆயா. நான் இஞ்சினீர் இல்லை. அந்தக் கோட்டு குல்கர்னியுடையது.

நீ கேட்ட கேள்விகளுக்காகச் சாப்பாட்டு நேரத்தில் அவன் மேசைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். சென்ற திங்கட்கிழமை முதல் மதியத்துக்குமேல் என்னை டெஸ்டிங் மேசையில் ஹெல்பராக வைத்திருக்கிறார்கள். காலையில் இன்னும் டீதான். மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். முன்பே சொல்லாததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படத்தை இறக்கிவிடு. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ராஜவேலு


ஆரம்பாக்கம்
11.3.1973

என் பிள்ளை ராஜவேலுவுக்கு உன் ஆயா தாயாரம்மாள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முன்னைவிட நன்றாக இருக்கிறேன்.

போட்டோ பெரிசாகி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சின்னப் படத்தில் கோட்டுப் பையின் மேல் ஏதோ கோடு மாதிரி இருந்தது. முறம் அகலத்துக்கு ஆனதும் அது எழுத்தாகிவிட்டது. ஸ்டூடியோ வாசலில் வைத்து கிரேஸ் அந்த இங்கிலீஷைக் கூட்டிப் படித்தாள். "ஆயா, இதுல வேற ஆளு பேரு போட்டுகீதே, குல்கர்னினு!" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயை மூடினேன். வீட்டுக்கு வந்து அந்தப் பெயர் மேல் மைப்பொட்டை வைத்தேன். நம் தெருவில் இங்கிலீஷ் படிக்கிற கண்கள் மணியும் சேகரும்தான், அதனால்தான் அவர்களைக் கிட்டே விடவில்லை. மணிக்கு நீ தனியாக எழுதினதும் தெரியும். பம்பாய்த் தபால் கிரேஸ் கடைக்கு வந்தது என்று சுப்பராயன் சொல்லாமல் இருப்பாரா? அவளைக் கேட்டு நான் சங்கடப்படுத்தவில்லை.

கோபம் இல்லையா என்றால், இருந்தது. மூன்று நாள் இருந்தது. பிறகு உட்கார்ந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். "ரேடியோ கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்" என்றுதான் நீ எழுதியிருந்தாய். இஞ்சினீர் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. தெரு முழுக்க இஞ்சினீர் என்று சொன்ன வாய் என்னுடையது. உன் தப்பில் பாதி நான் சமைத்தது.

அதனால்தான், நீ நாலு பேரைக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ரைஸ் மில் மீட்டருக்குப் பிறகு நீ எழுதுவதையே நிறுத்திவிடுவாய் என்று இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அக்டோபரில் அந்த நீளக் கடிதம் வந்ததே, ஆயிரம் ஓம் இருபதாயிரம் ஓம் என்று, அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. பேட்டரிக் கடிதத்தில், "இது நான் மட்டும் யோசித்தது" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத் தாலுக்கா ஆபீசில் இருக்கும் தேசப்பன் வந்தபோது அவனுக்குக்கூடப் படித்துக் காட்டினேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

உன் போன கடிதத்தை முதலில் மனசுக்குள்தான் படித்தேன். கோவிந்தம்மா வந்து, "இன்னாமே, பேரன் கடுதாசி வந்துச்சாமே, படிக்கலியா?" என்றாள். சரி என்று எல்லார் எதிரிலும் சத்தமாகப் படித்துவிட்டேன், டீ என்கிற இடம் உட்பட. கோவிந்தம்மாதான் முதலில் பேசினாள். "எரநூறு பேருக்கா? நான் எட்டு பேருக்கு வெக்கிறதுக்கே இடுப்பு ஒடியுது. டீயும் போட்டுகினு ரேடியோவும் பாக்குறானா அவன்?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். இதற்குப்போய் எட்டு மாதம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன் நான்.

மணியும் கிரேஸும் நாளை முதல் வேலைக்குப் போகிறார்கள். அதே மீட்டரை மணி பையில் வைத்திருக்கிறாள். கம்பெனியிலேயே கொடுப்பார்கள் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

பொட்டைத் துடைத்துவிட்டுப் படத்தையும் இறக்கிவிட்டேன். துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. குல்கர்னி எப்போதாவது நம் ஊருக்கு வந்தால் அவன் கோட்டை அவனுக்குக் காட்ட வேண்டும், அவனை உட்கார வைத்துச் சோறும் போட வேண்டும். ஆனால் இப்போது சுவரில் அந்த இடம் காலியாக இருக்கிறது. ரைஸ் மில் மீட்டர் மட்டும் தனியாகத் தொங்குகிறது. அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போ. உன் சொந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள். ஒரு கையில் டீத் தட்டு இருக்கட்டும், இன்னொரு கையில் மீட்டர் இருக்கட்டும். நேராக என்னைப் பார். கும்மிடிப்பூண்டியில் கொடுத்து இதைவிடப் பெரிசாக்கப் போகிறேன், பொட்டு இந்தத் தடவை கன்னத்தில்தான். எடுத்த அன்றைக்கே தபாலில் போட்டுவிடு கண்ணு, ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.